பதினேழாம் கட்டிலுக்கு மூன்று பதிலிகள்

நிழற்கூடு இல்லத்தில் நான்கு ஆண்டுகளாக யாரும் இறக்கவில்லை. முப்பத்தொன்பது முதியவர்கள் வாழும், சராசரி வயது எழுபத்தெட்டு உள்ள ஓரிடத்தில் இது எப்படிச் சாத்தியம் என்று வெளியாட்கள் கேட்பதுண்டு. உள்ளே இருப்பவர்கள் கேட்பதில்லை. நேரம் நெருங்கியவர்களை மாலை ஐந்து மணி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இல்லம் கோவைக்குத் தெற்கே, பொள்ளாச்சி சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்தது. சுத்தமான கட்டடம், வழுக்காத தரை, கழிப்பறைக்குக் கழிப்பறை கைப்பிடி, உப்பு அளந்து போட்ட சாப்பாடு. ஒவ்வொரு கட்டிலிலும் மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய பாய். படுத்திருப்பவரின் மூச்சு, நாடித்துடிப்பு, எடை, புரண்டு படுக்கும் விதம் எல்லாவற்றையும் அது அளந்து, அந்தக் கட்டிலின் பழைய அளவுகளோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். செவிலியர் மேசையில் உள்ள திரையில் கட்டில் எண்கள் பச்சையில் ஒளிரும். மரணம் சில நாள் தொலைவில் இருப்பதாகப் பாய் கணித்தால் அந்த எண் நீலமாகும். நீலமானவரை அன்றைய ஐந்து மணி வண்டியில் மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும்.

இந்த விதி கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில், ஓர் இல்லத்தில், எட்டுப் பேர் கவனிப்பாரில்லாமல் கிடந்து செத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பால்காரர் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது. அதன் பிறகுதான் முதியோர் இல்லத் தர ஆணையம் வந்தது, பாய்கள் வந்தன, தரநெறி ஒன்பது வந்தது. பாய் முன்கூட்டிச் சொன்ன மரணம் இல்லத்துக்குள்ளேயே நிகழ்ந்தால் அது ‘தடுத்திருக்கக்கூடிய மரணம்’. ஒரு காலாண்டில் அப்படி இரண்டு நிகழ்ந்தால் இல்லத்தின் தரச்சான்று போகும். சான்று போனால் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

பாய்கள் வந்த பிறகு ஒன்று மட்டும் மெல்லக் குறைந்தது. முன்பெல்லாம் செவிலியர் கட்டில் கட்டிலாக வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இப்போது திரையைப் பார்த்தால் போதும்.

பதினேழாம் கட்டில் பிலோமினாவுடையது. எண்பது வயது. அரசு மருத்துவமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக இருந்தவர், அதில் பதினோரு ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இல்லத்தில் சமையல்காரர் முதல் எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’தான். பக்கத்துப் பதினெட்டாம் கட்டிலில் வேலாத்தாள், எழுபத்து நான்கு வயது, நூற்பாலைத் தொழிலாளி. ஆலை மூடும்வரை சங்கத்தில் இருந்தவர். கஞ்சி ஆறிப்போய் வந்தால் முதல் குரல் அவருடையதாக இருக்கும்.

அந்த ஆவணி மாதத்துச் சனிக்கிழமை காலை, பிலோமினா தன் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்து, வேலாத்தாளைப் பார்க்கச் சொன்னார். அழுத்திய இடத்தில் குழி அப்படியே நின்றது.

“தண்ணி கோத்துக்கிச்சு. ஹார்ட்டு முடியலைங்குது. மூணு தலகாணி வெச்சாத்தான் மூச்சு விட முடியுது. இன்னும் ஒரு வாரம். மிஞ்சினா பத்து நாள்.”

“பாய்க்குத் தெரிஞ்சு போச்சுங்களா சிஸ்டரு?”

“அதுக்கு இன்னும் ரெண்டு நாள் ஆகும். அதைவிட எனக்கு சர்வீஸ் ஜாஸ்தி.”

வேலாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

இருவரும் இல்லத்தின் தர அலுவலர் தர்ஷனாவைப் பார்க்கப் போனார்கள். தர்ஷனாவுக்கு முப்பத்திரண்டு வயது. விதிப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவள், அதே நேரம் யார் யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது என்பதையும் அறிந்தவள். பிலோமினா ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்த கடிதம் அவள் மேசையில் இருந்தது. தனக்குக் குழாய் வேண்டாம், இயந்திர மூச்சு வேண்டாம், வண்டி வேண்டாம், தன் கட்டிலிலேயே இருக்க வேண்டும் என்று நாலு வரி. கீழே தெளிவான கையெழுத்து.

தர்ஷனா அதை ஆணையத்துக்கு அனுப்பியிருந்தாள். பதில் வந்துவிட்டது. முதியவர்களின் விருப்பக் கடிதங்களை இல்ல நிர்வாகமே எழுதி வாங்கிக்கொள்ளும் அபாயம் இருப்பதால் தரநெறி ஒன்பதுக்கு விருப்பக் கடிதம் விலக்காகாது. அந்த அபாயம் உண்மையானதுதான் என்பதையும் அவள் மறைக்கவில்லை. எட்டுப் பேர் செத்த அந்த இல்லத்திலும் எட்டுக் கடிதங்கள் இருந்தனவாம்.

“நான் உங்களை இங்கேயே வெச்சுக்கிட்டா அது கணக்குல ஒண்ணு சிஸ்டர். இதே மூணு மாசத்துல இன்னொருத்தர் நீலமாகி, வண்டி வர்றதுக்குள்ள போயிட்டாங்கன்னா ரெண்டு. அப்புறம் மீதி முப்பத்தேழு பேரை நான் எங்க கொண்டு போய் விடுவேன்?”

பிலோமினா வாதாடவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் என்ன நடக்கும் என்று மட்டும், வேலைக்குச் சேரும் பெண்ணுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். கையைக் கட்டிலோடு கட்டுவார்கள், குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக. பல்செட்டைக் கழற்றி ஒரு டப்பாவில் போடுவார்கள், டப்பா தொலையும். விளக்கை அணைக்கவே மாட்டார்கள். உறவுக்காரர்களைக் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் விடுவார்கள், அந்த இருபது நிமிடங்களில் மனிதர்கள் சாவதில்லை.

“நானே எத்தனை பேர் கையைக் கட்டியிருக்கேன் தெரியுமா? கட்டுனவளுக்குத்தான் தெரியும். நான் அங்க போக மாட்டேன்மா.”

வேலாத்தாள் அதுவரை சுவரில் ஒட்டியிருந்த தரநெறிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங் கண்ணு, இந்தப் பாய் பொய்யே சொல்லாதா?”

சொல்லாது என்றாள் தர்ஷனா. ஒருவேளை சொன்னால் அதற்கும் விதி இருந்தது. வெவ்வேறு மூன்று கட்டில்களில், ஏழு நாட்களுக்குள், நீலம் காட்டியவர்களை மருத்துவமனை சோதித்து நலமாக இருக்கிறார்கள் என்று திருப்பி அனுப்பினால், அந்த இல்லத்தின் பாய்கள் எல்லாவற்றையும் பத்து நாள் நிறுத்திவிட்டு நிறுவனம் வந்து சரிபார்க்க வேண்டும். நிறுத்தி வைத்த நாட்களில் நிகழும் மரணம் முன்கூட்டிச் சொல்லப்படாத மரணம். அது கணக்கில் வராது.

“அது எங்கயும் நடந்ததில்லை. சும்மா புத்தகத்துல இருக்கு” என்றாள். பிறகு, கேட்காமலே, அந்தப் பத்தியை இன்னொரு முறை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள்.

வேலாத்தாள் ஆலையில் முதல் ஆறு ஆண்டுகள் பதிலியாக இருந்தவர். நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருடைய மிஷினில் நிற்கும் மாற்று ஆளுக்கு ஆலையில் அந்தப் பெயர். பதிலிக்குச் சொந்த மிஷின் கிடையாது. காலையில் வாசலில் நிற்பார், எந்த எண் காலியோ அந்த எண்ணில் கொண்டுபோய் விடுவார்கள். ஷிப்ட் முடிவில் மீட்டரைப் பார்த்து, இத்தனாம் நம்பர் இவ்வளவு நூல் என்று எழுதிக்கொள்வார்கள். அன்றைக்கு அங்கே நின்றது யார் என்பது மீட்டருக்குத் தெரியாது.

பாயும் அப்படித்தான் என்பது இல்லத்தில் எல்லோருக்கும் ஒரு தவறின் மூலம் தெரிந்திருந்தது. போன மாதம் மின்விசிறி ஓடாததால் இரண்டு பேர் கட்டில் மாறிப் படுக்க, ஒருவருடைய நாடித்துடிப்பு இன்னொருவர் பெயரில் ஏறி மாத்திரை மாறிப்போனது. அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டப்படி பாய்க்கு ஆளின் அடையாளம் எதுவும் தெரியக் கூடாது. அதற்குக் கட்டில் எண்தான் ஆள். சொல்லாமல் யாரும் கட்டில் மாறக் கூடாது என்று அன்றைக்குத் தர்ஷனா கூடத்தில் நின்று எச்சரித்திருந்தாள்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் வேலாத்தாள் தன் திட்டத்தைச் சொன்னார். பிலோமினா தன் கட்டிலில் படுக்கக் கூடாது. உடம்பு நன்றாக உள்ள ஒருத்தியின் கட்டிலில் படுக்க வேண்டும். அவள் பிலோமினாவின் கட்டிலில் படுப்பாள். பாய் சாகப்போகும் உடம்பைக் கண்டுபிடிக்கும், ஆனால் வேறு எண்ணில். வண்டி அந்த எண்ணுக்கு உரியவளை ஏற்றிக்கொண்டு போகும். மருத்துவமனை அவளைச் சோதித்துத் திருப்பி அனுப்பும். அப்படி மூன்று பேர்.

பிலோமினா கண்ணை மூடி யோசித்தார். “எடை வித்தியாசம் காட்டும்.”

“காட்டுனா?”

“திடீர்னு எடை கூடுனா தண்ணி கோத்துக்கிச்சுன்னு நினைச்சுக்கும். நல்லதுதான்.” சற்று நேரம் கழித்து, “நான் மூணு பேர் வரைக்கும் தாங்கணுமே வேலாத்தா” என்றார்.

மூன்று பேரைத் தேடுவது எளிதாக இல்லை. பெண்கள் கூடத்தில் பன்னிரண்டு கட்டில்கள். மருத்துவமனைக்குப் போனால் ஏதாவது ஒரு நோயைக் கண்டுபிடித்து நிறுத்திக்கொள்ளாத அளவுக்கு ஆரோக்கியமானவர்களை பிலோமினா கட்டில் கட்டிலாக எண்ணிப் பார்த்தார். மூன்றே பேர். வேலாத்தாள், தபால் நிலைய எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஜைத்தூன், இருபத்திரண்டாம் கட்டில் அம்சவேணி.

ஜைத்தூன் கேட்ட மாத்திரத்தில் சம்மதித்தார். “நாப்பது வருஷம் அடுத்தவங்க பேருக்கு வந்ததை அடுத்தவங்ககிட்ட சரியாச் சேத்தேன். ஒருதடவை மாத்திக் குடுத்தா என்ன கெட்டுப்போச்சு?”

அம்சவேணி மாட்டேன் என்றார். அவர் கணவர் சபாபதியும் இதே இல்லத்தில் ஆண்கள் கூடத்தில் இருந்தவர். பதினான்கு மாதங்களுக்கு முன் ஐந்து மணி வண்டியில் போனார். அந்த வண்டிக்குள் தன்னால் ஏற முடியாது என்று அம்சவேணி சொன்னபோது யாரும் வற்புறுத்தவில்லை.

கூடத்துப் பணிப்பெண் ரஷ்மிதாவிடம் மறைக்க வழியில்லை. ஒடிசாவிலிருந்து வந்து ஆறு ஆண்டுகளான பெண், விரிப்பு மாற்றுபவள் அவள்தான். வேலாத்தாள் சொல்லி முடித்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: “சிஸ்டர் தலகாணி மூணும் கூடவே போகணும்ல அம்மா?”

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பிலோமினா பதினெட்டில் படுத்தார். திங்கள் மதியம் பதினெட்டு நீலமானது.

மாலை வண்டியில் வந்த இரண்டு பையன்களும் தாளில் இருந்த பெயரைப் படித்தார்கள். வேலாத்தாள் எழுந்து, சீப்பெடுத்துத் தலையை வாரி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

“அம்மா, நடக்கக் கூடாதுங்க. நீங்க சீரியஸ்.”

“யாரு சொன்னா?”

“பாய் சொல்லிருச்சுங்களே.”

“அப்பச் செரி, தூக்கிக்கங்க. எனக்கென்ன, சுகந்தான்.”

மருத்துவமனையில் அவரை இருபத்திரண்டு மணி நேரம் வைத்திருந்தார்கள். இதயத்தைப் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள். இளம் மருத்துவர் ஒருவர் கருவியைத் தட்டிப் பார்த்தார். செவ்வாய் மாலை ‘குறிப்பிடத்தக்க நோய் எதுவும் இல்லை’ என்ற சீட்டோடு வேலாத்தாள் திரும்பி வந்து, அங்கே கொடுத்த இட்லி கல்லாக இருந்தது என்று கூடத்துக்கு அறிவித்தார்.

அதற்குள் பிலோமினா ஜைத்தூனின் பத்தொன்பதாம் கட்டிலுக்கு மாறியிருந்தார். புதன்கிழமை மதியம் தர்ஷனா கூடத்துக்குள் வந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் வரமாட்டாள். ஜைத்தூன் பதினேழில் படுத்து ஒரு வாரப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தார். பிலோமினா பத்தொன்பதில், மூன்று தலையணைகளில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தர்ஷனா இரண்டு கட்டில்களுக்கும் நடுவே சிறிது நேரம் நின்றாள். பிறகு குனிந்து, பிலோமினாவின் கால்பக்கம் நழுவியிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு வெளியே போனாள். ஒரு மணி நேரம் கழித்துப் பத்தொன்பது நீலமானது. ஜைத்தூனை மருத்துவமனைக்கு அனுப்பும் தாளில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை பிலோமினாவின் உதடுகளில் நீலம் படிந்திருந்தது. கட்டில் மாறும்போது பத்தடி தூரத்துக்கு இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. இல்லத்துச் செவிலியர் போட்ட ஊசியில் சிறுநீர் பிரிந்து மூச்சு கொஞ்சம் இளகியது. இரண்டு பொய்கள் பதிவாகிவிட்டன. மூன்றாவதற்கு ஆள் இல்லை. ஒரே கட்டில் இரண்டு முறை பொய் சொன்னால் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள் என்பதால் வேலாத்தாள் திரும்பப் போக முடியாது. மற்றவர்களில் ஒருவருக்கு இதயத்தில் கருவி, ஒருவருக்குச் சிறுநீரகம், ஒருவருக்குச் சர்க்கரை முன்னூறு. ஜைத்தூன் மதியம் திரும்பி வந்த கையோடு நிலைமையைக் கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிலோமினா தன் சொந்தக் கட்டிலுக்கே போவதாகச் சொன்னார். இவ்வளவு போதும், இதற்கு மேல் யாரையும் கஷ்டப்படுத்த வேண்டாம் என்றார். வேலாத்தாள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினேழில் படுத்தால் நாளைக்கே ஐந்து மணிக்கு வண்டி.

அம்சவேணி எழுந்து வந்தார். தன் கட்டிலின் விரிப்பை அவரே மடக்கி, தலைமாட்டைத் தட்டிச் சரிசெய்தார்.

“இங்க வாங்க சிஸ்டர். நம்மது சன்னலோரம், காத்து வரும்.”

“அம்சா, வேண்டாம். உனக்கு முடியாதுன்னு சொன்னியே.”

“முடியாதுதான். ஏறிக்கறேன்.”

வெள்ளிக்கிழமை மாலை அவரை ஏற்றும்போது வண்டியின் கதவு மூடும்வரை வேலாத்தாள் உடன் நின்றார். அம்சவேணி கண்ணை இறுக மூடி, இரண்டு கைகளாலும் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார். சனிக்கிழமை மாலை திரும்பி வந்தபின் அந்த ஒருநாளைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. கணவர் இருந்த அறையின் எண்ணைக் கேட்டு, போய்ப் பார்த்ததாகச் சொன்னார். “அந்த ரூம்ல சன்னலே இல்லீங்” என்றார். அவ்வளவுதான்.

மூன்றாவது சீட்டு பதிவான அரை மணி நேரத்தில் செவிலியர் மேசையின் திரையில் எல்லா எண்களும் சாம்பல் நிறத்துக்கு மாறின. பாய்கள் நின்றுவிட்டன.

பிலோமினா பதினேழுக்குத் திரும்பினார்.

பாய் இல்லாததால் செவிலியர்கள் பழையபடி நடக்க ஆரம்பித்தார்கள். மணிக்கு ஒருமுறை வந்து முகத்தைப் பார்த்தார்கள், கையைத் தொட்டுச் சூடு பார்த்தார்கள், மற்ற கட்டில்களிலும்தான். பதினொன்றாம் கட்டில் பாட்டிக்கு முதுகில் புண் வந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. பாய் அதை அளப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செவிலியர் ஊசி போட வந்தபோது, எந்த நரம்பு இன்னும் உருப்படியாக இருக்கிறது என்று பிலோமினாவே காட்டிக் கொடுத்தார். ரஷ்மிதா அவருடைய பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜைத்தூன் தன் போனில் தேவாலயப் பூசையை மெல்லிய ஒலியில் வைத்தார். சமையலறையில் சின்ன வெங்காயம் வதக்கும் வாசனை கூடம்வரை வந்தது. வேலாத்தாள் அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பிலோமினா கவனித்துவிட்டார்.

“மூச்சை எண்ணாதே வேலாத்தா. அது டியூட்டில இருக்கறவங்க வேலை. நீ கையைப் பிடி.”

பதினொன்று இருபதுக்கு முடிந்தது. நடுவில் ஒருமுறை விழித்து, வெயில் எங்கே வந்திருக்கிறது என்று கேட்டார். கட்டில் காலில் வந்திருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு பேசவில்லை.

நான்கு ஆண்டுகளில் அந்தக் கூடத்துப் பெண்கள் பார்த்த முதல் மரணம் அது. அவர்களே முகத்தைத் துடைத்தார்கள், பல்செட்டை மாட்டினார்கள், புடவையை மாற்றினார்கள். ஆண்கள் கூடத்திலிருந்து எல்லோரும் வரிசையாக வந்து பார்த்தார்கள். பயப்படுவார்கள் என்று தர்ஷனா நினைத்திருந்தாள். சிலர் அழுதார்கள். மதியம் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை ஆணையத்திலிருந்து அதிகாரி வந்தார். பெயர் இளம்பரிதி, ஐம்பது வயதிருக்கும், குரலை உயர்த்தாதவர். முதலில் தர்ஷனாவோடு இரண்டு மணி நேரம் பேசினார். பிறகு உணவுக்கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, நல்ல செய்தியோடுதான் வந்திருப்பதாகச் சொன்னார்.

பாய் நிறுவனம் தன் பழுதை ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்துவிட்டது. மூன்று கட்டில்களில் கணிப்பு தவறியது கருவிக் கோளாறு. கோளாறு நாட்களில் நிகழ்ந்த பிலோமினாவின் மரணம் கணக்கில் வராது. இல்லத்தின் சான்றுக்கு எந்தப் பங்கமும் இல்லை. மூன்று கட்டில்காரர்களும் தாங்கள் வழக்கம்போலத் தங்கள் கட்டிலில்தான் படுத்திருந்தோம் என்று ஒரு தாளில் கையெழுத்திட்டால் விசாரணை முடிந்தது. நிறுவனம் இலவசமாகவே புதிய பாய்கள் தரும். அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தவும் ஏற்பாடாகிவிட்டது. அந்தப் பாய்க்கு இனி ஆளையும் தெரியும். யார் எந்தக் கட்டிலில் படுத்தாலும் இன்னார் என்று அடையாளம் கண்டுகொள்ளும்.

சொல்லிவிட்டு அவர் வேலாத்தாளைப் பார்த்தார். எல்லாம் தெரிந்த பார்வை அது. அதில் மிரட்டல் இல்லை. வெளியேற வழி விட்டு நிற்கும் மனிதனின் பார்வை.

வேலாத்தாள் தாளை வாங்கி முழுவதும் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதுல நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க.”

“ஏம்மா? உங்களுக்குச் சாதகமாத்தானே எழுதியிருக்கு?”

“பாய் மேல தப்பே இல்லீங்க. அது மூணு வாட்டியும் சரியாத்தான் சொல்லுச்சு. சாகப்போற ஒடம்பு அந்தக் கட்டில்ல இருந்துச்சு, இருக்குதுன்னு சொல்லுச்சு. நாங்கதான் எடத்த மாத்துனோம். மிஷின் கோளாறுன்னு எழுதுனா மிஷினைத்தான மாத்துவீங்க? அடுத்த ஆளு திலும்ப அஞ்சு மணி வண்டில போவாங்க. சிஸ்டரு செத்ததுக்கு அர்த்தமில்லாமப் போயிரும்.”

தர்ஷனா இடையே எழுந்தாள். உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள். அது முன்கூட்டிச் சொல்லப்பட்ட மரணமாகிவிடும். கணக்கில் ஒன்று. இந்தக் காலாண்டு முடிய இன்னும் முப்பது நாட்கள். அதற்குள் இன்னொருவர் அப்படி இறந்தால் சான்று போய்விடும். எல்லோரும் வேறு இடம் தேட வேண்டியிருக்கும். தன் வேலை போவது இருக்கட்டும், அது பெரிய விஷயமில்லை.

“அது யாருன்னு தெரியாதே” என்றார் ஆண்கள் கூடத்து ஒருவர்.

“யாருன்னு தெரியாதுங்கறதாலதான் எல்லாரையும் கேக்கணும்” என்றார் ஜைத்தூன்.

வேலாத்தாள் சங்கத்தில் செய்ததைப்போலவே செய்தார். கோளாறு என்று எழுதிவிடலாம் என்பவர்கள் முதலில் கை தூக்கட்டும் என்றார். ஒன்பது கைகள் எழுந்தன. பயம் வெட்கப்பட வேண்டியதல்ல, கையை இறக்க வேண்டாம், எண்ணி முடிக்கட்டும் என்று அவர்களிடம் சொன்னார். பிறகு மற்றவர்களைக் கேட்டார். அம்சவேணி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்று கையைத் தூக்கினார்.

“எங்கூட்டுக்காரரு எங்கிட்டக் கேட்டாருங்க. அம்சா, வண்டி வேண்டாம்னு சொல்லுன்னாரு. ரூல்ஸுன்னு சொன்னாங்க, நான் சும்மா இருந்துட்டேன்.” அவர் இளம்பரிதியைப் பார்த்துப் பேசினார். “அவரு செத்ததும் எங்கயாச்சும் எழுதியிருப்பீங்கல்ல? நல்லாச் செத்தாரா, கெட்டுச் செத்தாரான்னு அதுல இருக்குங்களா?”

“அப்படி ஒரு கட்டம் படிவத்துல இல்லைம்மா” என்றார் அவர்.

இருபத்தேழு கைகள். இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

தர்ஷனா மடிக்கணினியைத் திறந்து மரணப் படிவத்தை எடுத்தாள். பெயர், வயது, கட்டில் எண். இடம்: இல்லத்திலேயே. முன்கூட்டிச் சொல்லப்பட்டதா: ஆம், மூன்று முறை. அடுத்த கட்டத்தில் ‘தடுக்கப்படாததற்குக் காரணம்’ என்று இருந்தது. தேர்ந்தெடுக்க நான்கு வாய்ப்புகள்: ஆள் பற்றாக்குறை, கருவிக் கோளாறு, வண்டித் தாமதம், பிற. அவள் ‘பிற’ என்பதை அழுத்தினாள். விவரம் கேட்டு ஒரு வெற்றுக் கட்டம் விரிந்தது.

“என்ன எழுதட்டும் வேலாத்தாம்மா?”

“அவங்க வேண்டாம்னு சொன்னாங்க, நாங்க கேட்டோம்னு எழுது கண்ணு. கூட வேற ஒண்ணும் வேண்டாம்.”

அவள் எழுதினாள். இளம்பரிதி திரையைத் தன் பக்கம் திருப்பி அந்த ஒரு வரியைப் படித்தார். அதன் கீழே அவருடைய ஒப்புதல் வேண்டும்.

“இதை இப்படியே அனுப்பினா இது என்னன்னு மேல கேப்பாங்கம்மா. என்னைக் கேப்பாங்க, இவங்களைக் கேப்பாங்க, உங்க ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கேப்பாங்க.”

“கேக்கட்டுங்க” என்றார் வேலாத்தாள். “கேக்கோணும்னுதான எழுதறோம்.”